நிரந்தர விலாசம்

புத்தளத்துக் கடலோர ஆலங்குடாவில், தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று எழும்பிவிட்டால் மனிதர்கள் இரண்டு சாதியாகிவிடுவார்கள். காற்றைத் தேடி வருகிறவர்கள் ஒரு சாதி, காற்றுக்குக் கதவடைக்கிறவர்கள் மறு சாதி. வெள்ளைக்காரர்கள் விமானமேறி வந்து, பெரிய பெரிய பட்டங்களை இடுப்பில் பூட்டிக்கொண்டு, பலகையில் நின்று கடல்மேல் ஓடுவார்கள். அந்தப் பட்டங்கள் கிழிந்தால் தைத்துக் கொடுக்கிற அலீமாவோ ஜன்னல், கதவு, கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, உள்ளே வேர்த்து ஒழுகிக்கொண்டு மெசினை மிதிப்பாள். ஒரு சந்தால் காற்று நுழைந்தாலும் போதும், பட்டத் துணி எழும்பி அறையையே நிறைத்துவிடும். பிறகு துணியைப் பிடிப்பதா, மெசினைப் பிடிப்பதா, தலையில் கிடக்கும் முந்தானையைப் பிடிப்பதா?

பட்டத்தை முதலில் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். உப்போடு தைத்தால் ஊசி துருப்பிடிக்கும், நூலும் ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது. இதையெல்லாம் அவள் முதல் வருடம் ஊசிகளை முறித்து முறித்துப் படித்தாள். இப்போது கந்தக்குளியிலிருந்தும் ஆட்கள் பட்டத்தைச் சுருட்டிக் கட்டி ஓட்டோவில் அனுப்புகிறார்கள். கிழிந்த இடத்தைப் படமெடுத்து முதலில் போனில் அனுப்புவார்கள். அலீமா பார்த்து, ஏலும் அல்லது ஏலாது என்று ஒரே சொல்லில் பதில் போடுவாள். அந்தப் படங்கள் ஒழுங்காக வந்து சேரவேண்டும் என்பதற்காகத்தான் போன வருடம் வீட்டுக்கு இன்டர்நெட் எடுத்தாள். அலுமாரிக்கு மேலே பச்சை விளக்குக் கண்களோடு உட்கார்ந்திருந்த அந்தக் கறுப்புப் பெட்டிதான் இப்போது வீட்டில் பிரச்சினை.

அலீமாவும் அவள் புருஷன் ஹுனைஸும் ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள். ஊர் என்றால் மன்னார் மாவட்டத்தில், முசலிப் பக்கத்துப் பாலைக்கேணி. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம்களையெல்லாம் இயக்கம் ஒரேயடியாகத் துரத்தியபோது, இருவரும் சிறுபிள்ளைகளாகத் தாய் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்தவர்கள். ஆலங்குடா அகதிமுகாமில்தான் வளர்ந்தார்கள், அங்கேதான் நிக்காஹ் நடந்தது, ஷம்லா பிறந்தாள். ஷம்லாவை மதுரங்குளியில் கட்டிக் கொடுத்தும் ஆயிற்று. சண்டை முடிந்து எட்டு வருடம் கழித்து, பாலைக்கேணியில் அவர்கள் காணியில் மீள்குடியேற்றத் திட்டத்தில் ஒரு வீடு எழும்பிவிட்டது. ஆள் வந்து குடியிருக்க வேண்டும், பூட்டிப் போட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கிராம சேவகர் சொல்லியிருந்தார்.

"இங்க தொழில் இரிக்கு, காற்று இரிக்கு, மகள் கிட்ட இரிக்கிறா. அங்க என்ன இரிக்கு?" என்று அக்கம்பக்கத்தார் கேட்காத நாள் இல்லை.

"அங்க எல்லாம் இரிக்கு. நாங்கதான் இல்ல" என்பாள் அலீமா.

லொறிக்குச் சொல்லியாயிற்று. பாத்திரங்களைச் சாக்கில் கட்டியாயிற்று. இன்டர்நெட்டை வெட்டிவிடச் சொல்லி ஃபைஸலுக்குப் போன் பண்ணினாள். ஃபைஸல் கம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற பொடியன். அவனுடைய வாப்பாவும் பாலைக்கேணிதான். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவன், கதிரையின் நுனியில் உட்கார்ந்து பிளேன்டீயை ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான்.

"என்னடா, தேத்தண்ணி ஆறிப் பச்சத் தண்ணியாகிட்டு. சொல்ல வந்தத சொல்லு."

"ராத்தா, அது ரெண்டு வருஷ ஒப்பந்தம். ஒரு வருஷம்தான் முடிஞ்சிரிக்கு. இடையில வெட்டினா கம்பனி தண்டம் கேக்கும்."

"தண்டமா? நான் என்ன களவெடுத்தேனா?"

"களவு இல்ல ராத்தா. ஒப்பந்தத்த முறிக்கிறதுக்கு ஒரு கட்டணம் இரிக்கு."

"இத நீ பெட்டி வெக்கக்குள்ள சொன்னியா?"

"சொன்னேன் ராத்தா. நீங்க மெசின் ஓட்டிட்டு இருந்தீங்க."

"அப்ப மெசின் நிண்டதுக்குப் பொறகு சொல்லியிரிக்கணும்!"

வாசலில் வலை முடிந்துகொண்டிருந்த ஹுனைஸ் சிரித்துவிட்டான். அவன் யாரோ ஒருவருடைய போட்டில் கடலுக்குப் போகிறவன். காற்று அடித்தால் அவனுக்கு வீட்டில் வேலை. "கட்டிட்டுப் போவம் புள்ள. பொடியனோட என்ன சண்ட?" என்றான்.

அலீமா சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை மெசின் மேல் வைத்தாள்.

"ஃபைஸல், கேளு. ஊரவிட்டு வரக்குள்ள எனக்குப் பதிமூணு வயசு. ரோட்டுல மறிச்சாங்க. எங்கட உம்மாட தையல் மெசின மாட்டு வண்டியிலருந்து எறக்கி மணல்ல வெச்சாங்க. என்ட காதுல கெடந்தத நானே கழட்டிக் குடுத்தேன். போறதெண்டா குடுத்துட்டுப் போங்க எண்டாங்க. குடுத்துட்டு வந்தோம். இப்ப திரும்பிப் போறம். போறதுக்கு இன்னொருக்காக் காசு குடுக்கச் சொல்றியா? சத்தியமாக் குடுக்க மாட்டேன். நான் பாவிச்ச மாசத்துக்கெல்லாம் ஒழுங்காக் கட்டியிரிக்கேன். போறதுக்குண்டு ஒரு சதமும் கெடையாது."

ஃபைஸல் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் அப்போது பிறக்கவேயில்லை. ஆனால் வாப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன், அந்த ரோடு அவனுக்கும் தெரியும்.

"ஒரு வழி இரிக்கு ராத்தா" என்றான், கொஞ்சம் யோசித்துவிட்டு. "டவர் இல்லாத எடத்துக்குக் குடிபோனா தண்டம் இல்ல. புது எடத்து கிராம சேவகர்ட கடிதம் கேப்பாங்க. பாலைக்கேணியில சிக்னல் கிடைக்குமா?"

"அங்க போன் கதைக்கிறதெண்டா பாலமரத்துல ஏறணும்" என்றான் ஹுனைஸ்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான் ஃபைஸல். சிக்னல் இல்லை என்பதற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்த கம்பனி ஆள் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

கிராம சேவகரின் கடிதம் மன்னார் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அடுத்த நாள் காலை புருஷனும் பெண்சாதியும் புத்தளம் பஸ் ஏறினார்கள். பாலாவி உப்பளத்தில் அன்று வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. பாத்திகளில் வெள்ளை வெள்ளையாக உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்த பெண்கள் வெறும் நிழல்களாகத் தெரிந்தார்கள். அலீமா மடியில் பெட்டியை வைத்திருந்தாள். துடைத்து, வயரையெல்லாம் மடித்துக் கட்டி, பழைய பட்டத் துணியில் ஒரு உறை தைத்து அதற்குள் போட்டிருந்தாள். பிறத்தியார் சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கியதைவிடச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவள் பழக்கம்.

கம்பனிக் கந்தோரில் குளிரூட்டி ஓடியது. மேசைக்குப் பின்னால் இருந்தவள் பிரான்சிஸ்கா என்ற சிலாபத்துப் பெண். கழுத்தில் சின்னச் சிலுவை, முகத்தில் நல்ல சிரிப்பு. தமிழும் சிங்களமும் அவள் நாக்கில் ஒன்றாகவே குடியிருந்தன.

"சொல்லுங்க அக்கா."

அலீமா சொன்னாள். கடிதத்தைக் கொடுத்தாள். பிரான்சிஸ்கா வாசித்துவிட்டு, "ஹரி, சரி, சின்ன வேலைதான்" என்று கம்ப்யூட்டரில் தட்டினாள். பிறகு இன்னொரு தரம் தட்டினாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"அக்கா, இது எடுக்குதில்லையே."

"ஏன் மிஸ்?"

"புது விலாசம் போடச் சொல்லுது. போட்டா, ஏற்கெனவே இருக்கிற விலாசம் எண்டு சொல்லுது. இங்க பாருங்க, நிரந்தர விலாசம் எண்ட இடத்துல பாலைக்கேணிதானே கெடக்கு?"

"ஓம். அது எங்கட ஊர்."

"அப்ப ஆலங்குடா?"

"அது இருந்த எடம்."

"எவ்வளவு காலம் இருந்தீங்க?"

"தொண்ணூறுலருந்து."

பிரான்சிஸ்கா நிமிர்ந்து பார்த்தாள். "அவ்வளவு காலம் இருந்த இடம் நிரந்தரம் இல்லையா அக்கா?"

"இல்ல மிஸ்."

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிரந்தர விலாசம் என்று எங்கே யார் கேட்டாலும், பாலைக்கேணிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாலைக்கேணி என்பார்கள். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், காதியார் முன்னால் நிக்காஹ் எழுதும்போது, எங்கேயும் அதே பதில்தான். ஊர் மண்ணைக் கண்ணால் காணாத ஷம்லாவே, ஐந்தாம் வகுப்பு சோதனைக் கடதாசியில் அப்படித்தான் எழுதினாள். போன வருடம் ஃபைஸல் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு "நிரந்தர விலாசம் ராத்தா?" என்று கேட்டபோது, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் அலீமா சொன்னாள். அவனும் கையை நிறுத்தாமல் எழுதினான். வேறு எந்த ஊர்க்காரன் எழுதியிருந்தாலும், ஆலங்குடாவில் இருந்துகொண்டு இதென்ன விலாசம் என்று கேட்டிருப்பான். ஃபைஸலுக்கு அது தோன்றவேயில்லை. அவனுடைய விலாசமும் அதுதானே!

"அதுதான் சிக்கல்" என்றாள் பிரான்சிஸ்கா. "நீங்க உங்கட சொந்த வீட்டுக்குத்தான் போறீங்க, இடம் மாறல்ல எண்டு கம்ப்யூட்டர் நெனைக்குது. அப்பிடியெண்டா நீங்களா ஒப்பந்தத்த முறிக்கிற மாதிரி. கட்டணம் வரும்."

ஹுனைஸ் பெருமூச்சு விட்டான்.

பிரான்சிஸ்கா நல்லவள். சுற்றும் பார்த்துவிட்டு முன்னால் சாய்ந்தாள். "பயப்படாதீங்க அக்கா, நான் செஞ்சு தாறேன். ஒரு கடிதம் எழுதுவம். நிரந்தர விலாசம் எண்டு பாலைக்கேணியக் குடுத்தது பிழை, என்ட நிரந்தர விலாசம் ஆலங்குடாதான் எண்டு. நீங்க கையெழுத்து வெச்சா நான் திருத்திருவன். பொறகு பாலைக்கேணி புது இடம் ஆகிரும், கட்டணமும் இல்ல. அஞ்சு நிமிஷ வேலை."

"நல்லதாப் போச்சு" என்று ஹுனைஸ் பேனையைத் தேடினான்.

பிரான்சிஸ்கா தமிழில் அழகாக எழுதி, வாசித்துக் காட்டி, கடிதத்தை அலீமாவின் பக்கம் திருப்பி வைத்தாள். அலீமா அதை ஒருமுறை வாசித்தாள். பிழை என்ற சொல்லில் அவள் கண் நின்றது. பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

"பிழை இல்ல மிஸ்."

"அது சும்மா எழுதுறதுதானே அக்கா."

"சும்மா எழுதேலாது. அது எங்கட ஊர். பிழையாச் சொல்லல்ல. கொஞ்சம் வெளிய போயிட்டு வாறோம்."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஹுனைஸ் ரொட்டியும் மாசிச் சம்பலும் எடுத்தான். கோபம் வந்தால் அவனுக்குப் பசிக்கும். பாதி ரொட்டி போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

"ஒரு கையெழுத்து. ஒரேயொரு கையெழுத்து! அந்தப் புள்ள நல்ல மனசோட எழுதித் தந்திச்சு. காசும் குடுக்க மாட்டாய், கையெழுத்தும் வெக்க மாட்டாய். அப்ப என்னதான் செய்யிற?"

"அந்தக் கடிதத்துல என்ன எழுதியிரிந்திச்சு எண்டு வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். நம்மட நிரந்தர விலாசம் ஆலங்குடா எண்டு இரிந்திச்சு. இருந்துட்டுப் போகட்டுமே! லொறி ஏறினாப் பொறகு ஆரு அதப் பாக்கப் போறா?"

"அல்லாஹ் பாப்பான். நான் பாப்பேன்."

"கடதாசியில எழுதினா ஊர் இல்லாமப் போயிருமா அலீமா?"

"ஷம்லாட வாப்பா, இவ்வளவு காலமும் ஊர் எங்க இரிந்திச்சு?" என்றாள் அலீமா. "வீடு இல்ல. பள்ளி இடிஞ்சி போச்சு. கெணறு தூந்து போச்சு. கடதாசியில மட்டும்தானே இரிந்திச்சு! உங்கட வாப்பா முகாமுல மௌத்தாகக்குள்ள, மரணப் பதிவுல என்ன எழுதினீங்க?"

ஹுனைஸ் மென்றதை விழுங்கினான்.

"பாலைக்கேணி" என்றான் மெதுவாக.

"அவரு பிழையான விலாசத்தோடயா போனாரு?"

ஹுனைஸ் ரொட்டியைத் தள்ளி வைத்தான். கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எதிரே கொழும்பு பஸ்காரன் "கொழும்பு, கொழும்பு" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அலீமாவின் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் இறங்கவில்லை. அந்த முகத்தை ஹுனைஸ் முகாமில் தண்ணீர் வரிசையில் முதல்முதல் கண்டான். வரிசையில் இடையில் புகுந்த ஒருத்தியின் குடத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு இதே முகத்தோடு நின்றாள். அன்றைக்கே இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்தவன், இன்றைக்குக் குறை சொல்லி என்ன?

அப்போது அலீமாவின் போன் அடித்தது. ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதியைப் பார்க்கிற அமல்ராஜ்.

"ராத்தா, அந்த நீலக் கைட்ட தைக்காமத் திருப்பி அனுப்பியிருக்கீங்க?"

"ஓம் தம்பி. உள்ளுக்க இரிக்கிற ரப்பர் குழாய் உக்கிப் போச்சு. நான் கழுவிக் காயவெச்சி பிரிச்சிப் பாத்தேன். என்னால ஏலாது."

"சரி ராத்தா. கழுவினதுக்கும் பிரிச்சுப் பாத்ததுக்கும் எவ்வளவெண்டு வெள்ளைக்காரன் கேக்கிறான். குடுக்கச் சொல்றான்."

"ஒண்டும் வேணாம். நான் ஏலுமெண்டு எடுத்தேன், ஏலாமப் போச்சு. சாமானத் திருப்பித் தந்தாச்சு. செய்யாத வேலைக்கு நான் காசு வாங்குறல்ல எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே."

போனை வைத்தாள். பிறகு தேத்தண்ணியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழும்பினாள்.

"எழும்புங்க."

"எங்க?"

"கம்பனிக்கு."

"கையெழுத்து வெக்கப் போறியா?"

"வாங்க எண்டா வாங்க."

கந்தோரில் இப்போது கூட்டம் கூடியிருந்தது. அலீமா வரிசையில் நின்றுதான் போனாள், இடையில் புகவில்லை. கதிரையில் உட்கார்ந்ததும் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மிஸ், நீங்க எழுதின கடிதத்தக் கிழிச்சிருங்க. நான் ஒப்பந்தத்த முறிக்க வரல்ல."

பிரான்சிஸ்கா திகைத்தாள். "அப்ப?"

"நான் உங்கட வாடிக்கைக்காரிதான். ரெண்டு வருஷமும் இரிக்கிறேன். மாசாமாசம் கட்டுறேன். என்ட நிரந்தர விலாசம் உங்கட கம்ப்யூட்டர்ல இரிக்குத்தானே?"

"இருக்கு அக்கா."

"அதுல பிழை ஒண்டும் இல்லத்தானே?"

"இல்ல."

"அந்த வீட்டுக்கு இந்த இன்டர்நெட்டத் தாங்க."

பின்னால் நின்ற ஒருவர் மெல்லச் சிரித்தார். பிரான்சிஸ்கா குரலைத் தணித்தாள். "அக்கா, அங்க டவர் இல்லையே. தரேலாதே."

"நான் கைட் தைக்கிற பொம்புள மிஸ். ஒரு கைட்ட எடுத்து, என்னால ஏலாமப் போச்செண்டா, அதத் திருப்பிக் குடுப்பேன். காசு வாங்க மாட்டேன். ஏலாதவதான் நட்டப்படணும். சாமானத் தந்த மனுசனுட்ட தண்டம் கேக்கேலுமா? காலையிலருந்து நான் முறிக்கிறேன், நான் கட்டணும் எண்டு சொன்னீங்க. நான் முறிக்கல்ல. என்ட வீட்டுல நான் இரிக்கப் போறேன். உங்களுக்குத் தரேலுமெண்டா தாங்க. ஏலாதெண்டா, இப்ப முறிக்கிறது ஆரு மிஸ்?"

ஹுனைஸ் நிமிர்ந்து நின்றான். கந்தோரில் நின்ற அத்தனை பேரும் தன் பெண்சாதியைப் பார்ப்பதை அவன் பார்த்தான். ஒரு தொப்பிக்கார மூத்த மனுசன் "அது ஞாயமான கேள்வி மகள்" என்று வரிசையிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். இவர் யார், எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

பிரான்சிஸ்கா போனை எடுத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். கொழும்போடு சிங்களத்தில் கதைத்தாள். கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள், ஒருதடவை பாலைக்கேணி என்று உரத்துச் சொன்னாள். அந்தப் பக்கத்து ஆள் அந்தப் பெயரை வாழ்நாளில் முதல்தடவை கேட்டிருப்பார். "ஹரி சேர், ஹரி" என்று முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் காலைச் சிரிப்பு முழுசாக வந்திருந்தது.

"அக்கா, நீங்க கேட்டது சரி. விலாசத்த மாத்தாம, இணைப்ப மட்டும் அந்த வீட்டுக்கு மாத்தக் கேக்கிற மாதிரி இத எடுக்கேலும். மன்னார்ப் பகுதிக்குப் பொறுப்பான ஆள் உங்கட வீட்டுக்கு வந்து சோதிச்சுப் பாப்பார். சிக்னல் இல்லையெண்டு அவர் சொன்னா, கம்பனியே மூடிரும். நீங்க ஒண்டும் கட்டத் தேவையில்ல. ஆனா அவர் வாற நேரம் நீங்க அந்த வீட்டுல இருக்கணும்."

"இருப்போம்" என்றாள் அலீமா.

பிரான்சிஸ்கா கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டாள். "ஒரு கையெழுத்தோட காலையிலயே முடிஞ்சிருக்கும். எவ்வளவு கஷ்டப்பட்டுட்டீங்க அக்கா!"

"கஷ்டம் ஒண்டுமில்ல மிஸ். நீங்க நல்லா இருக்கணும்."

லொறி புறப்பட்ட அன்று காற்று உச்சத்தில் நின்றது. ஷம்லா மதுரங்குளியிலிருந்து வந்து, உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அலீமாவும் அழுதாள். யாரும் வாயால் தடுக்கவில்லை, அழ வேண்டிய நேரம்தானே. முகாமில் பழகிய சனமெல்லாம் வந்து நின்றது. அமல்ராஜ் கைகொடுத்துக் கட்டிலை ஏற்றினான். பட்டங்களை மன்னார் பஸ்ஸில் போட்டு அனுப்புவதாகவும், மெசினை விற்கக் கூடாது என்றும் சொன்னான். "விக்கிறதா! உம்மாட மெசின அண்டைக்கு ரோட்டுல எறக்கி வெச்சது போதும்" என்றாள் அலீமா. மெசினைச் சமையல் பாத்திரங்களோடு ஏற்றவிடாமல், முன்னால் தன் காலடியில் வைத்துக்கொண்டாள். வழி நெடுகிலும் அதன்மேல் ஒரு கை இருந்தது.

பாலைக்கேணியில் கச்சான் காற்று வேறு மாதிரி. ஆலங்குடாவில் உப்போடு வந்தது, இங்கே காட்டைக் கடந்து சூடாகவும் புழுதியாகவும் வந்தது. வீட்டுக்குப் பூச்சு இல்லை. சுவரில் சீமெந்து வாசம் போகவில்லை. முதல் கிழமை யானை வந்து வேலியைத் தள்ளிவிட்டுப் போனது. இரண்டாம் கிழமை ஹுனைஸ் கிணற்றைத் தூர்வாரினான். அடியில் ஒரு செப்புச் செம்பு கிடைத்தது. இன்னாருடையது என்று சொல்ல ஆள் இல்லை. புளியைப் போட்டுத் தேய்த்து அடுப்படியில் வைத்தாள் அலீமா. ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடைகள் தைத்தாள். இன்னும் பன்னிரண்டு குடும்பம்தான் வந்திருந்தது, பிள்ளைகளோ கொள்ளை.

மூன்றாம் கிழமை கம்பனி ஆள் வந்தான். பெயர் சாள்ஸ். மன்னார்ப் பக்கத்துப் பொடியன், தலை முதல் கால் வரை செம்புழுதி. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தான். ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தான், முற்றத்தில் நடந்தான், வேலியோரம் நடந்தான். கடைசியில் தண்ணித் தொட்டிமேல் ஏறி நின்று கையை உயர்த்தினான். கீழே ஹுனைஸ் நாலு பக்கமும் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். சிக்னல் கண்ணுக்குத் தெரிகிற சாமான் என்று நினைத்தானோ என்னவோ.

"ஒண்டும் இல்லை அண்ணே" என்று இறங்கி வந்தான் சாள்ஸ். "ஒரு கோடுகூட இல்லை."

"சாப்பிட்டுட்டு எழுதுங்க தம்பி" என்றாள் அலீமா. சோறும் திரளி மீன் ஆணமும் முருங்கையிலைச் சுண்டலும் இருந்தன. சாள்ஸ் முதலில் கூச்சப்பட்டான், பிறகு இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கினான். அலீமாவுக்கு அது பெரிய சந்தோஷம். இந்த வீட்டில் வெளியாள் ஒருவர் சாப்பிட்டது அன்றுதான்.

"இந்தப் பக்கம் நான் சின்னனில அப்பாவோட வந்திருக்கிறன் அக்கா" என்றான், கையைக் கழுவிக்கொண்டே. "அப்ப முழுக்கக் காடு. முந்தி இங்க ஆக்கள் இருந்தவையோ?"

அலீமா அவனை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அந்தப் பத்தைக் காட்டுக்குள்ள தூண் ரெண்டு தெரியுதா? அது எங்கட பள்ளிக்கூடம். இங்கால மேடு எங்கட பள்ளிவாசல். அந்த ஒத்தப் பனைக்குக் கீழ எங்கட உம்மாட வாப்பாட கட. நீங்க தண்ணி குடிச்சீங்களே, அந்தக் கெணறு எங்கட வாப்பா வெட்டினது. எங்கட காணியச் சுத்தி நாப்பது வீடு இருந்திச்சு தம்பி. வீட்டுக்கு வீடு பேர் சொல்லுவேன்."

சாள்ஸ் அவள் காட்டிய திசைக்குத் திரும்பினான். பற்றையைப் பார்த்தான், பனையைப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்து, கம்பனிப் போனை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினான். பெயர், அடையாள அட்டை, விலாசம்.

"எவ்வளவு காலமா இந்த விலாசத்தில இருக்கிறீங்க?"

ஹுனைஸ் விரலை மடித்தான். "வாற வெள்ளியோட மூணு கிழமை..."

"பொறந்ததிலருந்து" என்றாள் அலீமா.

ஹுனைஸ் மடித்த விரலை நீட்டிக்கொண்டான். சாள்ஸ் பூசாத சுவரைப் பார்த்தான், மூலையில் இன்னும் அவிழ்க்காமல் கிடந்த சாக்குகளைப் பார்த்தான், அலீமாவின் முகத்தைப் பார்த்தான். குனிந்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினான்.

அலீமா பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சாள்ஸ் பட்டத் துணி உறையைத் தடவிப் பார்த்து, இது என்ன துணி என்று அதிசயப்பட்டான். கந்தோருக்குப் போனதும் இணைப்பு மூடப்படும், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்றான். பிறகு எழும்பி, தினமும் எத்தனையோ வீட்டில் சொல்லிப் பழகிய வாயால் சொன்னான்.

"சரி அக்கா, எல்லாம் முடிஞ்சுது. இனி உங்களுக்கு ஒரு தடையும் இல்லை. நீங்க எங்க வேணுமெண்டாலும் போகலாம்."

அலீமா சிரித்தாள். காட்டுப் பக்கமிருந்து வந்த காற்று முந்தானையை இழுத்தது. அவள் பிடிக்கவில்லை, வரட்டும் என்று விட்டுவிட்டு வாசல் நிலையில் கைவைத்து நின்றாள்.

"நாங்க எங்க தம்பி போற?" என்றாள். "நீங்க போயிட்டு வாங்க."